கணக்கில் வராத பின்னிருக்கை

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே கிடந்த வேட்டிகளையும் மாத்திரை டப்பாவையும் தள்ளிவிட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்த எஃகுத் தட்டை அந்தப் பெண் அதிகாரி வெளியே எடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், விளிம்பெல்லாம் பல். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "மோட்டார் சைக்கிள். பின்சக்கரம். செயின்," என்று சொல்லி, இரண்டு கைகளாலும் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போலக் காட்டினேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நான் சுற்றியிருந்ததைவிட ஒழுங்காக அதைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தார்.

அது நாற்பத்தாறு பற்கள் உள்ள பல்சக்கரம், கோயம்புத்தூரில் வாங்கியது. அதை ஏன் கடல் தாண்டித் தூக்கி வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குச் சாதகமாகச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

என் தங்கை விமலா திருமணமாகி நாற்பது ஆண்டுகளாகக் கிள்ளானில் இருக்கிறாள். அவள் கணவர் தனபாலன் கேரி தீவின் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டுப் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பின்னால் பெட்டி வைத்து நெடுந்தூரம் போகிற வண்டி. நெடுஞ்சாலையில் எஞ்சின் மிகவும் இரைகிறது, என்ன செய்யலாம் மச்சான் என்று வாட்ஸப்பில் என்னைக் கேட்டார். பாலிடெக்னிக்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயந்திரவியல் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அன்று இரவெல்லாம் உட்கார்ந்து இரண்டு பக்கம் கணக்குப் போட்டேன்.

சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். மிதிக்கும் பக்கத்துப் பல்சக்கரம் பெரிதானாலோ, பின்சக்கரத்துப் பல்சக்கரம் சிறிதானாலோ, சமதரையில் வண்டி அலுங்காமல் ஓடும். மேட்டில் மூச்சுத் திணறும். அந்த வண்டியின் கையேட்டில் முன்னால் பதினான்கு பல், பின்னால் நாற்பத்தாறு என்று இருந்தது. முன்னால் பதினைந்து போடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். போட்டார். இரைச்சல் அடங்கிவிட்டது என்று கும்பிடும் கைகளை அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து விமலாவைப் பின்னால் உட்காரவைத்துக் கேமரன் மலைக்குப் போனார். ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்று, வண்டி பின்னோக்கி உருண்டு சாய்ந்தது. விமலாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. செய்தி வந்ததும் நான் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "கிளட்ச் விடுவதில் தவறியிருப்பீர்கள் மாப்பிள்ளை. வயதாகிறதல்லவா. கை முன்புபோல் இருக்காது." அதன்பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. எட்டு மாதம்.

போன மாதம் வண்டியை விற்கப் போவதாகச் சொல்லி விமலா படங்கள் அனுப்பினாள். ஒரு படத்தில் பின்பல்சக்கரம் தெளிவாக விழுந்திருந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. முன்பு வைத்திருந்தவர் யாரோ அதை ஏற்கெனவே மாற்றியிருக்கிறார். சமதரைக்கென்று ஒருமுறை மாற்றிய வண்டியை நான் இன்னொரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறேன். எதையும் முதலில் அளந்து பார் என்று பையன்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவன், பற்களை எண்ணிச் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று ஒரு வரி கேட்கவில்லை.

போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பல்சக்கரத்தையும் டிக்கெட்டையும் வாங்கினேன். வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று விமலா சொல்லியிருந்தாள். நான் புதன்கிழமை வந்து இறங்கினேன்.

நேரே கிள்ளானுக்குப் போயிருக்க வேண்டும். பழைய மாணவன் ஒருவனைப் பார்க்க வேண்டும் என்று விமலாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்துத் தங்கினேன். மாணவன் யாரும் இல்லை. ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. தமிழில் பெயர்ப் பலகை, உள்ளே போனால் வேறு பாஷை. "தே தாரிக்கா, தே ஓவா?" என்றார் கடைக்காரர். டீ என்றேன். "ரெண்டும் டீதான் லா அங்கிள்," என்றார். ஒன்று பாலோடு, ஒன்று பால் இல்லாமல் என்று பிறகு தெரிந்தது. பால் போட்டதை ஆற்றி நுரைக்க வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் டீயைவிட இரண்டு மடங்கு இனிப்பு. சர்க்கரைக்காரன் என்பதை மறந்து முழுவதும் குடித்தேன்.

கடை வாசலில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். மலையேற எத்தனை பல் நல்லது என்று அவர்களிடம் கேட்டேன். "முன்னால பதிமூணு போடுங்க அங்கிள், சும்மா பறக்கும்," என்றார் ஒருவர். "பறக்கும், செயின்தான் பிச்சுக்கும். பின்னால நாப்பத்தெட்டு போடுங்க," என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அங்கிள், நீங்க கார் வாங்கிருங்களேன்," என்றார். குறிப்பேட்டில் மூன்றையும் எழுதிக்கொண்டேன். வகுப்பில் இதே கேள்விக்கு நானே ஒரு விடை வைத்திருந்தேன். இப்போது அது எதுவென்று எனக்கே நிச்சயமில்லை.

வியாழக்கிழமை பல்சக்கரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குக் கிளம்பினேன். நிலையத்தின் நகரும் படிவரை போய்த் திரும்பி வந்து, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். பையை மேசைக்கடியில் வைத்தபோது ணங்கென்று கேட்டது.

"என்ன அண்ணே, கோயில் மணியா?" என்றார் எதிரே இருந்தவர். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் மடித்த வெள்ளைக் கோல். அந்தத் தெருவில் உடம்பு பிடித்துவிடும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாராம். பல்சக்கரம் என்றேன். கையை நீட்டினார். ரசம் சொட்டாத இடது கை. கொடுத்தேன். மடியில் வைத்து, ஒரு துளையில் சுண்டுவிரலை அடையாளமாக வைத்துக்கொண்டு, பெருவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு சுற்று முடிந்தது.

"நாப்பத்தாறு."

"அதிலேயே எழுதியிருக்குங்க," என்றேன்.

"எழுதியிருக்கும். நான் எழுதுனத நம்புறதில்ல. படிக்க முடியாதுல்ல, அதான்," என்று சிரித்துவிட்டு மோர் கேட்டார்.

நான் இலையை மடித்தேன்.

வெள்ளிக்கிழமை உண்மையிலேயே ரயில் ஏறினேன். பெட்டி சுத்தமாக, குளிராக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேட்டியை அதிசயமாகப் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சீருடைக்காரர் ஒருவர் வந்து, "சாலா கோச், பாக்சிக்," என்றார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் குனிந்து சொன்னாள்: "தப்பான கோச்சுன்னு சொல்றாரு அங்கிள். இது லேடிஸ் மட்டும். நீங்க எங்க போறீங்க?"

"கிள்ளான்."

"ஐயோ, இது காஜாங் பக்கம் போவுது. கோச்சும் சாலா, டிரெயினும் சாலா!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. காஜாங்கில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினேன். சாலா என்றால் தவறு. எனக்கு வேண்டிய முதல் மலாய்ச் சொல் எனக்குக் கிடைத்துவிட்டது.

கிள்ளானில் தனபாலன் காருடன் வந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். விமலா வாடகைக் காரில் வந்திருந்தாள். "அவரு இப்ப எதையும் ஓட்டறதில்லண்ணா," என்றாள். என் பையை இடது கையால் வாங்கினாள். வலது கையால் வாங்க வந்து, மாற்றி இடதால் வாங்கினாள்.

வீட்டு முன்புறக் கூரையடியில் வண்டி சாம்பல் நிற உறை போர்த்தி நின்றது. தனபாலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மச்சான், எளச்சிட்டீங்களே," என்றார். அவர்தான் இளைத்திருந்தார். சோறு, நெத்திலிச் சம்பல், மீன் குழம்பு. சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. சொல்ல அது நல்ல சமயம், ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன். சொல்லவில்லை.

"ஒங்களுக்கு நன்றி சொல்லணும் மச்சான்," என்றார் அவர். "நீங்க மட்டும் சொல்லலன்னா கை போனது தெரியாமயே ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அடுத்த தடவ இவள கொன்னே போட்டுருப்பேன்."

நான் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து பல்சக்கரத்தை எடுத்து வந்தேன். விற்பதற்கு முன் இதை மாட்டிவிட்டால் வாங்குகிறவருக்கு வண்டி பிடித்துப்போகும் என்றேன். இன்னொரு பொய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்காகவா ஊர்லேருந்து தூக்கியாந்தீங்க?" என்றார். உள்ளங்கையால் அதைத் துடைத்தார். கேட்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனோம். ஓட்டவில்லை, தள்ளினார். முக்கால் மைல். நான் பின்னால் கைவைத்து நடந்தேன். "ஓட்டிட்டே போலாமுங்களே மாப்ள," என்றேன். "வேணாம் மச்சான், பக்கந்தான்."

உதிரிபாகக் கடை சீனருடையது. அவர் தோட்டப்புறத்தில் தமிழர்களோடு வளர்ந்தவராம். பல்சக்கரத்தை வாங்கி வண்டியின் பின்சக்கரத்தில் வைத்துப் பார்த்தார். உடனே திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டாது லா அங்கிள். ஓட்டை எல்லாம் வேற எடம்."

வண்டிக்கு ஒரே பெயர்தான், ஆனால் உங்கள் நாட்டுக்கு வேறு மாதிரி, எங்கள் நாட்டுக்கு வேறு மாதிரி செய்கிறான் என்றார். இரண்டாவது முறையும் அளக்காமல் வந்திருக்கிறேன். அதைத் துண்டில் சுற்றினேன்.

"இப்ப இருக்கிறது எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினார். அவர் முடிப்பதற்கு முன் தனபாலன், "நாப்பத்திரெண்டு பாஸ்," என்றார்.

நான் திரும்பினேன். "உங்களுக்குத் தெரியுங்களா?"

"முன்பல்லு மாத்துன அன்னிக்கே பாத்தேனே. நீங்க கணக்குல நாப்பத்தாறுன்னு எழுதியிருந்தீங்க. படிச்சவங்க, வேற ஏதாச்சும் கணக்குல எழுதியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். மச்சான்கிட்ட போய் இது தப்புன்னு எப்புடிக் கேக்குறது?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். அடுத்து அவர் கேட்டது பல்லைப் பற்றி அல்ல. "எத்தன பேர் ஒக்காருவீங்க?"

"ரெண்டு பேர். பின்னால பெட்டி," என்றார் தனபாலன்.

"ரெண்டு பேர், பெட்டி, மல. அப்ப பழசே போதும். பதினாலு, நாப்பத்தாறு. கம்பெனிக்காரன் முட்டாளா?"

அலமாரியிலிருந்து சரியான துளைகள் உள்ள நாற்பத்தாறை எடுத்தார். முன்னால் என்னுடைய பதினைந்து கழன்று பதினான்கு வந்தது. புதுச் செயின் மாட்டினார். ஒரு மணி நேர வேலை. நான் இரண்டு பக்கத்தில் எழுதியதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

"போய் ஓட்டிப் பாரு," என்றார். தனபாலன் தலையை ஆட்டினார். "நான் ஓட்டுறதில்ல பாஸ்."

"நாளைக்கு வாங்கறவன் கேப்பான், ரெண்டு பேர் வச்சு மல ஏறுமான்னு. என்ன சொல்லுவே? தெரியாதுன்னா?"

வீட்டுக்குப் போன் செய்தோம். விமலா வரமாட்டேன் என்றுவிட்டாள். "நான் உட்கார்றேன்," என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அக்கா வெய்ட்டுக்கு நீங்க பத்தாது லா," என்று சொல்லிக் கடைக்காரர் உள்ளேயிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து பின்பெட்டியில் வைத்தார். தலைக்கவசத்தை அவரே என் தலையில் அழுத்தி மாட்டினார்.

பந்திங் வழியாக ஜுக்ரா மேட்டுக்குப் போனோம். முதல் ஐந்து மைல் தனபாலன் ஒரு நோயாளியைக் கூட்டிப்போவது போல ஓட்டினார். பந்திங் கடைத்தெருவைத் தாண்டிச் செம்பனை மரங்கள் வந்ததும் தோள் கொஞ்சம் இளகியது. நான் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்திருந்தேன். கடைசியாக நான் ஒருவரை அப்படிப் பிடித்தது எப்போது என்று நினைவில்லை.

ஜுக்ரா மேடு சிறியது, ஆனால் செங்குத்து. ஏறத் தொடங்கியதும் என் உடம்பு பின்னால் சரிந்தது. அங்கேதான் எனக்கு விளங்கியது. பின்னால் இருப்பவருக்குப் பிடிக்க முன்னால் இருப்பவரைத் தவிர எதுவும் இல்லை. வண்டி நின்றால் முதலில் விழுவது பின்னால் இருப்பவர். பாதி மேட்டில் தனபாலன் வேண்டுமென்றே நிறுத்தினார். அவர் தோள் கல்லாக இறுகியது. பிறகு கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல், தூக்கிக்கொண்டு போவது போலக் கிளம்பியது.

அந்தக் கணத்திலிருந்து உச்சிவரை நான் சொல்லிக்கொண்டே போனேன். தவறு என்னுடையது, உங்கள் கையில் ஒன்றும் இல்லை, நான் எண்ணச் சொல்லவில்லை, தெரிந்த பிறகும் சொல்லவில்லை, எல்லாவற்றையும். மேலே போய் நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"என்ன மச்சான், வழியெல்லாம் மந்திரம் சொல்லிக்கிட்டே வந்தீங்க? பயமா?"

அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கீழே செம்பனையும் அதற்கப்பால் ஆறும் கடலும். அவர் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து சொன்னேன்.

அவர் குனிந்து பின்பல்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப கை சரியாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"சரியாத்தான் இருந்துச்சுங்க மாப்ள."

இடது கையை விரித்துப் பார்த்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். வண்டியைத் திருப்பி, என்னை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். சத்தம் தேய்ந்தது. மரத்திலிருந்து இறங்கிய ஒரு குரங்கு என் துணிப்பையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கிள்ளானுக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டுப் போனாலும் நியாயம்தான் என்று தோன்றியது. அப்போது சத்தம் மீண்டும் ஏறிவந்தது. பாதியில் நின்றது, கிளம்பியது. உச்சிவரை வந்து, என்னைப் பார்க்காமல் திரும்பி மறுபடி இறங்கினார். மூன்று முறை அப்படிச் செய்தார். மூன்று முறையும் நின்று கிளம்பினார்.

"ஏறுங்க சார்," என்றார்.

நாற்பது ஆண்டில் அவர் என்னைச் சார் என்றதில்லை.

"பல்லு தப்பாப் போனது பரவால்ல சார். நானும் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். கைய ஏன் சார் சொன்னீங்க? எட்டு மாசம். லோரி லைசன்ஸ ரெனியூ பண்ணாம விட்டுட்டேன். பேத்திய ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன். ராத்திரி படுத்துக்கிட்டு இந்தக் கையவே பாத்துக்கிட்டு இருப்பேன்." தலைக்கவசத்தை மாட்டினார். "இத விமலாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா, தப்பத் தூக்கி அண்ணன் தலைல போடுறேன்னு நெனைப்பா."

அன்று மாலை அடுக்களையில் விமலா நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வலது கை சீக்கிரம் சோர்ந்துவிடுவதால் இடையிடையே நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கணக்குல நான் எங்கண்ணா இருந்தேன்?"

"இல்ல கண்ணு. ஒரு ஆள்னுதான் போட்டேன்."

"நான் பின்னாடி உக்காருவேன்னு உனக்குத் தோணவே இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எத்தன கிலோன்னு சொல்லியிருப்பேனே. கூடவே சொல்லியிருப்பேன், அவரு என்னைய விட்டுட்டு எங்கயும் போகமாட்டாருன்னு."

அவள் திரும்பவும் நெத்திலியைக் கிள்ளத் தொடங்கினாள். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். நான் கிள்ளியதில் பாதியை அவள் மறுபடி எடுத்துச் சரிசெய்தாள்.

ஞாயிறு காலை தலைக்கவசத்தோடு வாசலில் நின்றாள். "மேடே இல்லாத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் கணவரிடம். மலையேறவென்று இத்தனை பாடுபட்டு மாற்றிய வண்டி, தட்டையான கேரி தீவுக்குப் போகிறது. அவள் ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள், மறுபடி ஏறினாள். தனபாலன் வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அந்த மலாய்க்காரரு பத்து மணிக்கு வருவாரு. போன் எடுக்க மாட்டேங்கிறாரு, நீயே சொல்லிரு," என்று சொல்லி விமலா எனக்கு இரண்டு வாக்கியம் கற்றுக்கொடுத்தாள். 'தாக் ஜுவால்', விற்பதற்கில்லை. ஏன் என்று கேட்டால் 'சாலா கீரா', கணக்குத் தப்பு. வண்டி கிளம்பியது. கேட்டைத் தாண்டும்போது தனபாலன் திரும்பாமல் சொன்னார்: "கேட்ட சாத்திக்கிங்க மச்சான். நாயி வந்துரும்."

பத்து மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல சட்டை, கையில் சொந்தத் தலைக்கவசம். பேருந்தில் வந்திருக்கிறார், ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்று. காலியான கூரையடியைப் பார்த்தார். "தாக் ஜுவால்," என்றேன். "கெனாப்பா?" என்றார். "சாலா கீரா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "சியாப்பா கீரா?" என்று கேட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். யார் போட்ட கணக்கு என்கிறார். அதற்கு விமலா பதில் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் நான்கு நாளில் அந்த ஒரு சொல்லைக் கடைகளிலும் ரயிலிலும் போதுமான தடவை கேட்டிருந்தேன். நான் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்.

"சாயா," என்றேன்.

தலை முதல் கால்வரை ஒருமுறை என்னைப் பார்த்தார். தலைக்கவசத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் கேட்டைச் சாத்தினேன்.